டைம்டேபிளில் ஒரு பாடவேளை: ஆசிரியர்கள் கூடி உட்காரும் நேரத்தை உருப்படியாக்குவது எப்படி?

வேலூர், குடியாத்தம், ஆற்காடு பக்கத்துப் பள்ளிகளில் கூட்டங்களுக்குப் பஞ்சமில்லை. தலைமை ஆசிரியர் கூட்டம், பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் ஒன்றுகூடும் குறுவள மையக் கூட்டம், பள்ளி மேலாண்மைக் குழு, தேர்ச்சி ஆய்வு என்று ஏதாவது ஒன்று நடந்துகொண்டேதான் இருக்கிறது. ஒரே பாடத்தை எடுக்கும் மூன்று பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பிள்ளைகள் எழுதிய தாளை நடுவில் வைத்து, "இது ஏன் இப்படி வந்தது, நாளைக்கு என்ன செய்யலாம்" என்று பேசும் நேரம்தான் அமைவதில்லை. அமைந்தாலும், பத்தாவது நிமிடத்தில் யாராவது ஒருவர் எமிஸ் பதிவைப் பற்றி (பள்ளி, மாணவர் விவரங்களை ஏற்றும் அரசின் இணையதளம்) கேட்க, மீதி நேரம் அதிலேயே போய்விடும்.

அந்த நேரத்தை எங்கே கண்டுபிடிப்பது, அதற்குள் என்ன செய்வது, எந்த இடத்தில் கெடும் என்பதை இங்கே சொல்கிறோம். 6 முதல் 10 வரை உள்ள உயர்நிலைப் பள்ளியை முதலில் எடுத்துக்கொள்கிறோம். ஈராசிரியர் பள்ளிகளுக்குத் தனியாகக் கீழே.

முதல் வேலை: நேரத்தைப் பூட்டி வைப்பது

கல்வி உரிமைச் சட்டம் 2009, ஆசிரியரின் வேலை நேரத்தை வாரத்துக்கு 45 மணி என்று வைக்கிறது. அதில் பாடத் தயாரிப்பு நேரமும் அடக்கம். ஆகவே கூடி உட்கார்ந்து தயார் செய்வது சட்டப்படியே வேலைதான். "கிளாஸுக்குப் போகாமல் உட்கார்ந்து பேசுகிறார்கள்" என்று யாரும் சொல்லும்படி அது ஓசி நேரம் ஆகிவிடாது.

வாரம் 40 பாடவேளை, ஒரு பட்டதாரி ஆசிரியருக்கு 28 வகுப்பு என்று கொண்டால், 12 பாடவேளை வகுப்பு இல்லாமல் இருக்கும். அப்படியானால் மூன்று கணக்கு ஆசிரியர்களுக்கும் பொதுவாக எத்தனை பாடவேளை ஓய்வாகக் கிடைக்கும்? அட்டவணையை அதன் போக்கில் விட்டால், ஒருவர் ஓய்வாக இருக்க வாய்ப்பு 0.3. மூவரும் ஒரே நேரத்தில் ஓய்வாக இருக்க 0.3 × 0.3 × 0.3, அதாவது 0.027. அதை 40ஆல் பெருக்கினால் வாரத்துக்குச் சுமார் ஒன்று. அந்த ஒன்றும் சராசரிதான். ஒரு வருடம் இரண்டு அமையும், அடுத்த வருடம் ஒன்றுகூட அமையாது. ஐந்து பேர் குழு என்றால் 0.1க்குப் போய்விடும். தானாக அமையும் என்று காத்திருந்து பயனில்லை. ஜூனில் டைம்டேபிள் போடும்போது இந்தப் பாடவேளையை முதலில் பூட்டிவிட்டு, பிறகு மற்றதை நிரப்ப வேண்டும். எல்லாம் போட்டு முடித்த பிறகு "ஒரு பீரியட் ஒதுக்குங்கள்" என்று கேட்டால், டைம்டேபிள் போடும் ஆசிரியர் கையெடுத்துக் கும்பிடுவார். அவர்மேல் தப்பில்லை.

எத்தனை குழுவை ஒரே நேரத்தில் வகுப்பிலிருந்து எடுக்க முடியும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. பத்துப் பிரிவுகள் உள்ள பள்ளியில் வாரம் 400 பாடவேளை. 28ஆல் வகுத்தால் 14 பேருக்குச் சற்று மேல். மூன்று கணக்கு ஆசிரியர்களை எடுத்துவிட்டால் பத்து வகுப்புக்கு 11 பேர் இருப்பார்கள். ஒருவர் விடுப்பில் போனால் சரிக்கட்டலாம், இரண்டு பேர் போனால் கூட்டம் கலைந்துவிடும். எனவே ஒரு பாடவேளைக்கு ஒரு பாடக்குழு மட்டும். கணக்கு செவ்வாய், அறிவியல் புதன், தமிழ் வியாழன் என்று பிரித்துக்கொள்ளுங்கள். திங்களும் வெள்ளியும் வேண்டாம். விடுப்பு அதிகம் விழும் நாட்கள் அவைதான்.

எந்தப் பாடவேளை? எங்கள் பரிந்துரை 6ஆவது. அடுத்து வருவது இடைவேளை என்பதால், பேச்சு பத்து நிமிடம் நீண்டாலும் எந்த வகுப்பும் காத்துக் கிடக்காது. 4ஆவதும் மதிய உணவுக்கு முன்னால் வருவதால் அதே வசதி உண்டு என்று தோன்றும். ஆனால் மணி அடிக்கும் முன்பே சத்துணவு வரிசையைப் பார்க்க ஒருவர் எழுந்து போவார், குழு உடையும். 8ஆவது பாடவேளையைத் தொடவே வேண்டாம். காட்பாடியில் ரயிலைப் பிடிப்பவருக்கும், ஒடுகத்தூர், அணைக்கட்டு பக்கமிருந்து டவுன் பஸ் ஏறுபவருக்கும் கண் கடிகாரத்தில்தான் இருக்கும். பள்ளி விட்ட பிறகு கூடலாம் என்ற யோசனை தோற்பதும் இதனால்தான்.

அட்டவணையில் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடாதீர்கள். "க.கு." என்றோ "கணிதக் குழு" என்றோ எழுதுங்கள். வெறுமையான கட்டம், பதிலி வகுப்பு போடுபவர் கண்ணுக்கு ஃப்ரீ பீரியடாகத்தான் தெரியும். காலை 9.30க்கு யாரோ வரவில்லை என்றதும் முதலில் பறிபோவது அதுதான். பதிலி வகுப்பில் அந்தக் கட்டத்தைக் கடைசியாகத்தான் தொடுவது என்று தலைமை ஆசிரியர் ஆண்டுத் தொடக்கத்திலேயே எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட வேண்டும்.

யார் உட்காருவது

மூன்று முதல் ஆறு பேர். ஆறு பேரைத் தாண்டினால் இரண்டு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் நோட்டுத் திருத்துவார்கள். பாடவாரிக் குழு பாடத்தில் வரும் தவறுகளுக்கு உதவும். வகுப்புவாரிக் குழு, அதாவது 9 'ஆ' பிரிவுக்குப் போகும் எல்லா ஆசிரியரும் கூடுவது, வருகைக் குறைவு, எழுதப் படிக்கத் தடுமாறும் பிள்ளைகள் போன்றவற்றுக்கு உதவும். மாதத்தில் மூன்று வாரம் பாடவாரி, ஒரு வாரம் வகுப்புவாரி என்பது நடைமுறைக்கு ஒத்துவரும்.

பள்ளியில் ஒரு பாடத்துக்கு ஒரே ஆசிரியர்தான் என்றால் கணக்கையும் அறிவியலையும் சேர்த்துக்கொள்ளலாம். அளவீடு, வரைபடம், அலகு மாற்றுதல் இரண்டிலும் வருகின்றன. தமிழும் சமூக அறிவியலும் சேரலாம். ஐந்து மதிப்பெண் வினாவுக்குப் பத்தி அமைத்து எழுதத் தெரியாத பிள்ளை இரண்டு பாடத்திலும்தான் அடிவாங்குகிறது.

தலைமை ஆசிரியர் உட்காரலாமா? முதல் ஐந்து நிமிடம் வந்துவிட்டுப் போவது நல்லது. முழு நேரமும் உட்கார்ந்தால் அது ஆய்வுக் கூட்டமாக மாறிவிடும். தன் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு வரவில்லை என்பதை எந்த ஆசிரியரும் அதிகாரி முன்னால் மேசையில் வைக்கமாட்டார். தலைமை ஆசிரியர் தானும் ஒரு வகுப்புக்குப் பாடம் எடுப்பவரானால், அந்த வகுப்பின் தாள்களோடு மற்றவர்களைப் போலவே வந்து உட்காரட்டும்.

எதை வெளியே வைப்பது

சுற்றறிக்கை, எமிஸ் பதிவு, விலையில்லாப் பொருள் வழங்கல், உதவித்தொகைப் பட்டியல், ஆண்டு விழா. எல்லாமே அவசரம்தான், ஆனால் எதற்கும் இந்த 45 நிமிடத்தில் இடமில்லை. பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டால் முடியும் சங்கதியை வாயால் சொல்லி நேரத்தைத் தின்ன வேண்டாம். யாராவது ஆரம்பித்தால், நேரம் பார்ப்பவர் "சார், அது குரூப்ல போட்டுடலாம்" என்று சொல்லி நகர்த்த வேண்டும். அதற்கென்றே நேரம் பார்க்க ஒருவர், எழுத ஒருவர். வாரம்தோறும் ஆள் மாறட்டும். இளையவர் நேரம் பார்க்கும் வாரத்தில் மூத்தவரை நிறுத்தச் சங்கடப்படுவார் என்பதால், போனில் அலாரம் வைத்து மேசை நடுவில் வைத்துவிடுங்கள். அலாரத்தோடு யாருக்கும் மனஸ்தாபம் வராது.

வரும்போது கையில் என்ன

இது ஒன்று சரியாக இருந்தால் கூட்டம் பாதி வெற்றி. வெறுங்கையோடு வந்தால் பேச்சு "இந்தக் காலத்துப் பசங்க" என்று தொடங்கி, செல்போன், அப்பா-அம்மா வழியாகப் போய் அங்கேயே நிற்கும்.

ஒவ்வொருவரும் 12 தாள் கொண்டு வர வேண்டும். நன்றாகச் செய்பவர் நால்வர், நடுத்தரம் நால்வர், தடுமாறுபவர் நால்வர். மொத்த வகுப்பின் தாளையும் தூக்கி வந்தால் 45 நிமிடத்தில் பார்க்க முடியாது. நல்ல தாள்களாக மட்டும் பொறுக்கி வந்தால் பார்த்துப் பயனில்லை. தாள் என்றால் பெரிய தேர்வு வேண்டாம். முந்தைய நாள் வகுப்பின் கடைசி ஐந்து நிமிடத்தில், அரைத் தாளில், ஒரே ஒரு வினா. எல்லாப் பிரிவிலும் அதே வினா. இந்த "அதே" முக்கியம். வினா வேறானால் ஒப்பிட ஒன்றும் இருக்காது. தாளை முன்கூட்டியே திருத்த வேண்டாம். சிவப்பு மை விழுந்துவிட்டால் கண் மதிப்பெண்ணைத்தான் பார்க்கும்.

45 நிமிடம் எப்படிப் போக வேண்டும்

முதல் 3 நிமிடம், போன வாரம் ஒப்புக்கொண்டதை யார் செய்தார், என்ன ஆயிற்று என்பதற்கு. செய்யவில்லை என்றால் "செய்யவில்லை" என்று சொன்னால் போதும், விளக்கம் வேண்டாம். அடுத்த 12 நிமிடம் தாள்களை விடைவாரியாகப் பிரித்து அடுக்குவது. 15 நிமிடம் காரணம் பேசுவது. 10 நிமிடம் நாளைய வகுப்பில் செய்யப்போவதை முடிவு செய்வது. கடைசி 5 நிமிடம் எழுதுவது. பாடவேளை 40 நிமிடமாக இருந்தால் காரணம் பேசுவதில் ஐந்தைக் குறையுங்கள், முடிவு செய்யும் பத்தில் கை வைக்காதீர்கள்.

நான்கு கேள்விகளைச் சுவரில் ஒட்டிவைப்பது நல்லது. அமெரிக்கப் பள்ளிகளில் ரிச்சர்ட் டுஃபோர் என்ற கல்வியாளர் பரப்பிய கேள்விகள் இவை: பிள்ளை எதைக் கற்க வேண்டும்? கற்றதா என்று எப்படித் தெரிந்துகொள்வோம்? கற்காத பிள்ளைக்கு என்ன செய்வோம்? முன்பே தெரிந்த பிள்ளைக்கு என்ன செய்வோம்? நான்காவது நம் பக்கத்தில் அநேகமாக மறந்தே போகிறது.

ஒரு கூட்டத்தைக் கிட்டத்தில் பார்ப்போம்

ஏழாம் வகுப்பு, முழுக்கள். வினா: −7 − 4 = ? மூன்று பிரிவு, 36 தாள். மேசையில் நான்கு அடுக்கு விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். −11 என்று 15 பேர், 11 என்று 11 பேர், −3 என்று 7 பேர், 3 என்று 3 பேர்.

மதிப்பெண் பட்டியலில் இது "21 பேர் தவறு" என்று ஒரே எண்ணாகப் போயிருக்கும். அடுக்கிப் பார்த்தால் மூன்று வெவ்வேறு சிக்கல். 3 என்று எழுதிய பிள்ளை முதலில் உள்ள குறியைப் பார்க்கவே இல்லை, ஏழில் நான்கு போனால் மூன்று என்று முடித்துவிட்டது. −3 என்று எழுதியது, "கழித்துவிட்டுப் பெரிய எண்ணின் குறியைப் போடு" என்ற விதியை அது பொருந்தாத இடத்தில் போட்டிருக்கிறது. அந்த விதி −7 + 4க்கு உரியது. 11 என்று எழுதிய பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள், சட்டென்று சொல்லும்: "மைனஸ் மைனஸ் பிளஸ் சார்". பெருக்கலுக்குச் சொன்ன வாய்ப்பாடு இங்கே வந்து உட்கார்ந்துவிட்டது. அந்த 11 தாளில் 9 ஒரே பிரிவிலிருந்து வந்தவை என்றால், அங்கே அந்த வாய்ப்பாடு எதற்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்று சொல்லாமலேயே மனப்பாடமாகியிருக்கிறது என்று அர்த்தம்.

இங்கேதான் கூட்டம் திரும்பும், அல்லது கெடும். "உங்க கிளாஸ்லதான் சார் அதிகம்" என்று ஒருவர் சொல்லிவிட்டால் அடுத்த வாரம் அந்த ஆசிரியர் தாள் கொண்டு வரமாட்டார், அல்லது நல்ல தாளாகப் பொறுக்கி வருவார். அதனால் பிரிவின் பெயரைத் தாளின் பின்பக்கம் எழுதுங்கள். அடுக்கும்போது யாருடையது என்று தெரியக்கூடாது. காரணம் பேசி முடித்த பிறகு, ஒவ்வொருவரும் தத்தம் தாளைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளட்டும். கேட்க வேண்டிய கேள்வி வேறு: "இந்தத் தப்பு வராத பிரிவில் எப்படிச் சொல்லிக் கொடுத்தீர்கள்?"

முடிவு இந்த அளவுக்குத் துல்லியமாக இருக்க வேண்டும்: வியாழக்கிழமை மூன்று பிரிவிலும் தரையில் சாக்பீஸால் −12 முதல் 5 வரை எண்கோடு. ஒரு பிள்ளை −7இல் நிற்கும். 4 கழி என்றால் இடப்பக்கம் நான்கு அடி. பிறகு கரும்பலகையில் −7 − 4, −7 − (−4), (−7) × (−4) மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, −11, −3, 28 என்ற விடைகள் ஏன் வேறுபடுகின்றன என்று பிள்ளைகளே சொல்ல வேண்டும். திங்கட்கிழமை மறுபடி அரைத் தாள்: −5 − 8, −9 + 4, −3 − (−8). மொத்தம் 20 நிமிட வகுப்பு வேலை. "மெல்லக் கற்கும் மாணவர்களுக்குக் கூடுதல் கவனம் செலுத்தப்படும்" என்று எழுதினால் அது முடிவில்லை. யார், எந்த நாள், எந்தக் கணக்கு என்று மூன்றும் இருக்க வேண்டும்.

தொடக்கப் பள்ளியில், மொழியில்

பேர்ணாம்பட்டு, வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் வீட்டில் உருது பேசும் பிள்ளைகள், ஆந்திர எல்லையோரம் தெலுங்கு பேசும் பிள்ளைகள் தமிழ்வழி வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள். சொல்வதை எழுதுதலில் பத்துச் சொல் கொடுத்து அதே மாதிரி அடுக்கிப் பாருங்கள். தெலுங்கில் 'ள' ஒலி உண்டு, 'ழ' இல்லை. அதனால் 'பள்ளி' சரியாக வந்து 'மழை' 'மளை' ஆகலாம். உருதுவில் இரண்டும் இல்லை. இரண்டுமே 'ல' ஆகலாம். தமிழ் வீட்டுப் பிள்ளையும் 'மளை' என்று எழுதும், ஏனென்றால் வீட்டில் பேசுவதே அப்படித்தான். தப்பு ஒன்றாகத் தெரிந்தாலும் ஒரு பிள்ளைக்கு ஒலியைக் கேட்டுப் பிரிக்கும் பயிற்சி வேண்டும், இன்னொன்றுக்குச் சொல்லைக் கண்ணால் பார்த்துப் பழகினால் போதும். எல்லாரையும் இருபது முறை எழுதச் சொல்வது யாருக்கும் உதவாது. உருது ஆசிரியர் பக்கத்துப் பள்ளியில் இருந்தால் ஒரு கூட்டத்துக்கு அவரை அழையுங்கள். பத்து நிமிடத்தில் நிறைய தெளிவாகும்.

ஈராசிரியர் பள்ளி என்றால்

ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர். இருவரையும் வகுப்பிலிருந்து எடுக்க வழியே இல்லை. அணைக்கட்டு ஒன்றியத்தில் பீஞ்சமந்தை போன்ற மலைப்பகுதிப் பள்ளிகளில் ஒருவர் விடுப்பு எடுத்தாலே எல்லா வகுப்பும் ஒருவர் தலையில்தான். இங்கே இரண்டு வழி.

ஒன்று, குறுவள மையக் கூட்டம். வழக்கமாகச் சனிக்கிழமையில் நடக்கும் அந்தக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் மேலிருந்து வரும், அதை மாற்ற முடியாது. ஆனால் ஒரே வகுப்பு எடுக்கும் நான்கைந்து பேர் அங்கே ஒரே கூரையின்கீழ் கிடைக்கிறார்கள். முந்தின வாரமே பேசி வைத்து, எல்லாரும் 6 தாள் கொண்டு வந்து, மதிய இடைவேளையில் 20 நிமிடம் உட்காருங்கள். ஆசிரியர் பயிற்றுநரிடம் முன்கூட்டிச் சொன்னால் அவரும் ஒரு அமர்வில் இடம் கொடுக்கக்கூடும்.

இரண்டாவது, இரண்டு மூன்று பள்ளிகள் போனில் சேர்வது. தாள்களைப் படம் எடுத்து முந்திய இரவே அனுப்பிவிட்டு, 15 நிமிடம் மட்டும் பேசுவது. பிள்ளையின் பெயரை மறைத்துப் படம் எடுங்கள்.

பருவத்துக்கு ஒரு முறை: ஒரே வகுப்பை எல்லாரும் பார்ப்பது

ஜப்பானியப் பள்ளிகளில் நூறாண்டுக்கும் மேலாக இருக்கும் பழக்கம் இது. சேர்ந்து ஒரு பாடத்தைத் தயார் செய்து, ஒருவர் நடத்த, மற்றவர்கள் பார்த்து, பிறகு பேசுவது. மற்ற இருவருக்கும் ஒரு பாடவேளை பதிலி ஏற்பாடு வேண்டும், அவ்வளவே செலவு. பார்ப்பவர்கள் கடைசி பெஞ்சில் உட்காரக்கூடாது, அங்கிருந்து முதுகுதான் தெரியும். பக்கவாட்டில் நின்று, ஆளுக்கு மூன்று பிள்ளைகளைப் பிரித்துக்கொண்டு, அந்த மூவர் நோட்டில் என்ன எழுதினார்கள், எங்கே நின்றார்கள், எப்போது பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதினார்கள் என்று மட்டும் குறிக்க வேண்டும். ஆசிரியரின் குரல், கரும்பலகைக் கையெழுத்து பற்றிக் கருத்து வேண்டாம். முதலில் பேசுவது பாடம் நடத்தியவராக இருக்கட்டும்.

பத்தாம் வகுப்பும் ஜனவரியும்

அரையாண்டு முடிந்ததும் சிறப்பு வகுப்பு, திருப்புதல் தேர்வு என்று குழு நேரம் காணாமல் போகும். நிறுத்துவதைவிட வேலையை மாற்றிக்கொள்ளுங்கள். கணிதத்தில் வடிவியலும் வரைபடமும் 8 வீதம் 16 மதிப்பெண். தடுமாறும் பிள்ளையைத் தேர்ச்சிக்கு இழுத்து வருவது பெரும்பாலும் இந்த 16தான். ஒரே வரைபட விடையை நகலெடுத்து மூன்று ஆசிரியரும் ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்காமல் மதிப்பெண் போடுங்கள். ஒருவர் 7, ஒருவர் 4 போட்டிருப்பார். அட்டவணைக்கு எவ்வளவு, அளவுத்திட்டம் எழுதாவிட்டால் எவ்வளவு குறைப்பது, புள்ளிகளைக் குறித்துவிட்டு வளைவரை வரையாவிட்டால் என்ன என்று அப்போதுதான் பேச்சு வரும். அதே பட்டியலைப் பிள்ளைகளிடமும் கொடுத்துவிடுங்கள்.

பதிவேடு

ஒரு கூட்டத்துக்கு நான்கு வரி. என்ன பார்த்தோம், என்ன கண்டோம், யார் எப்போது என்ன செய்கிறார், மீண்டும் எப்போது பார்க்கிறோம். கூடவே, அடுக்கிய தாள்களில் வகைக்கு ஒன்றாக எடுத்துப் பின் அடித்து வையுங்கள். ஆய்வுக்கு வருபவர் கேட்டால் காட்ட அதுவே போதும். இரண்டு பக்கத் தீர்மானம் எழுதும் பள்ளிகளில் எழுதுவதற்காகவே கூட்டம் நடக்க ஆரம்பித்துவிடுகிறது, பிறகு கூட்டம் நடக்காமலேயே எழுதவும் படுகிறது.

வாரம் ஒன்று என்று கணக்குப் போட்டால் ஆண்டுக்கு நாற்பது வரும். தேர்வு, உள்ளூர் விடுமுறை, ஆடிக் கிருத்திகை, தேர்தல் பணி, பயிற்சி எல்லாம் போக 25 நடந்தால் நல்ல ஆண்டு. ஒரு வாரம் விட்டுப்போனால் ஈடுசெய்ய வேண்டாம், அடுத்த வாரம் அதே நாளில் தொடருங்கள். தொடர்ந்து மூன்று வாரம் விட்டுப்போனால் நேரம் தவறான இடத்தில் இருக்கிறது. காலாண்டு விடுமுறை முடிந்து திறக்கும்போது டைம்டேபிளில் அந்தக் கட்டத்தை இடம் மாற்றுங்கள்.